காரைக்குடி டாக்கர் வகுப்பு: கட்டுவது அருமை, ஏற்றுவது அரைகுறை

செக்காலை சாலையில் ஒரு மாடியில் நடக்கும் வார இறுதி டாக்கர் வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். நான் கண்டாங்கிச் சேலைக் கடையில் கணக்கு எழுதுகிறவன். இருப்புக் கணக்குக்கு பைத்தான் நிரல்மொழியில் நான் எழுதிய சிறு செயலி என் மடிக்கணினியில் ஓடும், கடைக் கணினியில் முரண்டு பிடிக்கும். பைத்தான் பதிப்பு வேறு, நூலகங்கள் (செயலி பயன்படுத்தும் ஆயத்த நிரல்கள்) வேறு. டாக்கர் என்ற மென்பொருளால் செயலியையும் அதற்குத் தேவையானதையும் ஒரே கட்டாகக் கட்டிவிடலாம் என்றார்கள், சேர்ந்துவிட்டேன்.

கட்டும் வித்தையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆசிரியர் ஆத்தங்குடிக்காரர். கட்டும் படிகளை எழுதிவைக்கும் கோப்பான டாக்கர்ஃபைலில் வரிகளின் வரிசையை அவர் விளக்கியதற்கே பாதிக் கட்டணத்தைக் கொடுக்கலாம். ஆத்தங்குடிக் கல்லுக்கு முதலில் கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றுவார்கள். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும், கடைசியில் ஈரக் கலவை. முதல் அடுக்கை மாற்ற நினைத்தால் மற்றதையும் புதிதாகப் போட வேண்டியதுதான். டாக்கர் கட்டித் தரும் கட்டுக்கு இமேஜ் என்று பெயர், அதுவும் அப்படியே அடுக்கடுக்கானது என்றார். உடனே செய்தும் காட்டினார். கோப்புகள் அனைத்தையும் நகலெடுத்த பிறகு நூலகங்களை நிறுவும்படி எழுதியிருந்தால், நிரலில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் எல்லா நூலகங்களும் மறுபடி நிறுவப்படுகின்றன. நூலகப் பட்டியலை மட்டும் முதலில் நகலெடுத்து, நிறுவி, அதன்பின் நிரலை நகலெடுக்கும்படி இரண்டு வரிகளை இடம் மாற்றினார். அடுத்த முறை கட்டும் வேலை கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது.

ஃபிளாஸ்க் என்ற பைத்தான் நூலகத்தில் எழுதிய இணையச் செயலி, உள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும் 127.0.0.1 முகவரியில் நின்றால் போர்ட் என்ற இணைப்பு வாசலைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து எட்டாது, எல்லா இணைப்பையும் ஏற்கும் 0.0.0.0 என்று மாற்ற வேண்டும். இமேஜை ஓடவிட்டால் கிடைக்கும் கண்டெய்னரை நீக்கினால் உள்ளே எழுதிய கணக்கும் போய்விடும், அதனால் தரவைத் தனியே வைக்கும் வால்யூம் வேண்டும். இவையும் தெளிவாகவே நடந்தன. மாலை இடைவேளையில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் தந்தார்கள். கட்டணத்தில் அதுவும் சேர்த்தி.

சர்வரில் ஏற்றும் பாடம்தான் வயிற்றெரிச்சல். கடைசி ஒரு மணி நேரத்தில் அவசர அவசரமாக முடித்தார்கள். தரவுத்தளக் கடவுச்சொல்லை டாக்கர்ஃபைலிலேயே எழுதிக் காட்டினார்கள். அந்த இமேஜைப் பொதுவில் வைத்தால் எவரும் தோண்டி எடுத்துவிடலாம். ஓடும்போது வெளியிலிருந்து கொடுப்பதுதான் முறை என்று யாரும் சொல்லவில்லை. சர்வர் அணைந்து எழுந்தால் கண்டெய்னர் தானாக எழ, ஓடவிடும்போதே மறுதொடக்க விதியைக் கொடுக்க வேண்டும். அதைப் பற்றியும் பேச்சில்லை. கடைப்பக்கம் மின்வெட்டு ஆன மறுநாள் இதை நானே தேடிப் படித்துக்கொண்டேன்.

இன்னொரு தொல்லை இணையம். இமேஜ்களைப் பதிவிறக்கும் தளமான டாக்கர் ஹப்பில் கணக்கு வழியாக நுழையாதவர்களுக்கு ஐபி முகவரியை வைத்துப் பதிவிறக்க வரம்பு உண்டு. வகுப்பு முழுவதும் ஒரே இணைப்பு என்பதால் மதியத்துக்குமேல் பாதிப்பேர் திரையில் பிழைச்செய்திதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். போகிறவர்கள் டாக்கர் ஹப்பில் இலவசக் கணக்கை வீட்டிலேயே தொடங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள கணினிகள் ஆமை, சொந்த மடிக்கணினியைக் கொண்டுபோவது நல்லது.