பின்னால் அமர்பவரோடு பேச எந்த இன்டர்காம்?

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து, தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் இருசக்கர வாகனம் ஓட்டுபவரோடு பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிவது கட்டாயமானது. உயிருக்கு அது நல்லது, பேச்சுக்குத்தான் இடைஞ்சல். முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசத்தை இருவரும் அணிந்துகொண்டு நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிட்டால், பின்னால் இருப்பவர் கத்திச் சொல்வதுகூடக் காதில் ஏறாது. அதைக் கேட்பதற்காக ஓட்டுபவர் தலையைத் திருப்பும் ஒரு நொடிக்குள் வண்டி 22 மீட்டர் ஓடியிருக்கும். இதற்குத் தீர்வாக விற்கப்படும், தலைக்கவசத்தில் பொருத்திப் பேசும் கருவிகளான புளூடூத் இன்டர்காம்களில், ஒரே வண்டியில் செல்லும் இருவருக்கு எது பொருந்தும் என்பதை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். குழுவாகப் பயணம் போகிறவர்களின் தேவை வேறு.

கடையில் முதலில் காட்டப்படுவது தூரக் கணக்குதான். கார்டோ நிறுவனத்தின் பேக்டாக் எட்ஜ் 15 பேரை இணைக்கும், வண்டிக்கு வண்டி 1.6 கிலோமீட்டர் வரை எட்டும் என்பார்கள். சேனா 50எஸ் என்றால் 24 பேர், 2 கிலோமீட்டர். இவை திறந்தவெளியை வைத்து நிறுவனங்களே தரும் கணக்குகள். இவை இரண்டும் பயன்படுத்தும் மெஷ் என்ற முறையில் ஒவ்வொரு கருவியும் அடுத்த கருவிக்குச் செய்தியைக் கடத்துவதால், கூட்டத்தில் ஒருவர் பின்தங்கினாலும் மற்றவர்களின் பேச்சு அறுந்துபோகாது. அருமையான ஏற்பாடுதான்; ஆனால் ஒரு மீட்டர் இடைவெளிகூட இல்லாமல் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருக்கும் இருவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதே கார்டோவின் ஃப்ரீகாம் 2எக்ஸ் இருவர் பேசுவதற்கென்றே அமைந்தது, 800 மீட்டர் எட்டும். அதற்கும் கீழ்நிலையில் உள்ள ஸ்பிரிட் 400 மீட்டர். இந்தச் சின்ன எண்களே நமக்கு மிகை.

தூரத்துக்குக் கொடுக்கவிருந்த பணத்தை ஒலிவாங்கியைப் பார்த்துச் செலவிட வேண்டும் என்பதே என் கருத்து. இன்டர்காம் பேச்சைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றுதான். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: காற்றின் தொல்லை ஓட்டுபவரைவிடப் பின்னால் இருப்பவருக்குத்தான் அதிகம். பல வண்டிகளில் பின் இருக்கை சற்று உயரமாக இருப்பதால், ஓட்டுபவரின் தலையில் பட்டுச் சிதறிய காற்று நேராகப் பின்னவரின் தலைக்கவசத்தில் வந்து மோதுகிறது. ஓட்டுபவர் பேசுவது தெளிவாகக் கேட்க, பின்னால் இருப்பவர் பேசுவது மட்டும் இரைச்சலாக வந்தால், கருவியைக் குறை சொல்வதற்கு முன் அவருடைய ஒலிவாங்கியைப் பார்க்க வேண்டும். உதட்டுக்கு வெகு அருகில் இருக்கிறதா, பேசும் பக்கம் வாயை நோக்கியிருக்கிறதா, மேலே மாட்டும் பஞ்சு உறை கழன்று விழாமல் இருக்கிறதா என்பவை முக்கியம். முழு முகக் கவசத்துக்கு, தாடைப் பகுதியின் உட்புறம் ஒட்டும் ஒயர் ஒலிவாங்கி போதும். முகம் திறந்த கவசத்துக்கும் தாடையை மேலே தூக்கும் வகைக்கும் வளைக்கக்கூடிய தண்டு உள்ள ஒலிவாங்கி வேண்டும். ஓட்டுபவர் ஒரு வகையும் பின்னால் இருப்பவர் இன்னொரு வகையும் அணிகிற வீடுகள் அதிகம் என்பதால், பெட்டியில் இரண்டு வகையும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

முகம் திறந்த கவசத்தைப் பின்னால் இருப்பவர் அணிந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் வேகத்தில் தடுமாறும். அந்த நிலையில் இன்டர்காமுக்கு முன்னதாக நல்ல முழு முகக் கவசம் ஒன்றை வாங்கித் தருவதே சரியான செலவு. காதைக்கூட மூடாத அரைக் கவசத்திலோ ஸ்பீக்கரைப் பொருத்தவே இடமில்லை.

ஸ்பீக்கரைப் பொறுத்தவரை, ஸ்பிரிட்டில் 32 மில்லிமீட்டர், ஃப்ரீகாம் 2எக்ஸில் 40 மில்லிமீட்டர். விலை வித்தியாசத்துக்கு நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஆனாலும் அளவைவிட அது உட்காரும் இடம் பெரிது: காதுத் துளைக்கு நேராக இல்லாமல் ஒரு விரல் அகலம் விலகினாலே ஒலி பாதியாகிவிடும். காதுக்கான குழி இல்லாத கவசத்தில் தடித்த ஸ்பீக்கர் காதை அழுத்தி, அரை மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கும். இடம் போதவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மாகோலைச் சுரண்டும் வேலையைச் சில கடைகளில் கூச்சமின்றிச் செய்கிறார்கள். விழுந்தால் அடியைத் தாங்குவது அந்தத் தெர்மாகோல்தான். அதைத் தொடவே விடக் கூடாது.

வலது கை ஆக்சிலேட்டரில் இருப்பதால் இன்டர்காம்கள் இடப்பக்கம் பொருத்தும்படி செய்யப்படுகின்றன. உள்ளே கறுப்புக் கண்ணாடி உள்ள தலைக்கவசங்கள் பலவற்றில், அந்தக் கண்ணாடியை இறக்கும் நெம்புகோலும் இடப்பக்க அடி விளிம்பில்தான் இருக்கிறது. இரண்டும் மோதினால் கருவியைப் பிடித்திருக்கும் கவ்வியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் அல்லது ஒட்டும் தகட்டைப் பயன்படுத்த வேண்டும். ஆகவே இருவருடைய கவசங்களையும் கடைக்குக் கையோடு கொண்டுபோய், வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது உத்தமம்.

செலவே இல்லாமல் இருவரும் கைப்பேசியில் அழைத்துக்கொண்டு காதில் இயர்பட்ஸ் மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நகரத்துக்குள் அது ஓரளவு நடக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போனால் பேச்சும் போகும், கவசத்தைக் கழற்றும்போதெல்லாம் இயர்பட்ஸ் தெறித்து விழும். மலிவான சீனத் தயாரிப்புகளை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. இருவர் பேச்சு என்ற குறுகிய தேவைக்கு அவற்றில் சில போதுமானவையே. நான் வாங்கிய ஒன்றில் பேச்சு நன்றாகவே கேட்டது. ஆனால் கைப்பேசி வரைபடத்தின் வழிகாட்டும் குரல் வரும்போதெல்லாம் இருவரின் இணைப்பும் துண்டிக்கப்பட்டு, மறுபடி பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. பேச்சும் வழிகாட்டியும் ஒரே நேரத்தில் கேட்குமா என்பதை விற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். முடிந்தால் கடை வாசலிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இருவருக்கும் ஒரே மாதிரிக் கருவியை இரட்டைப் பெட்டியாக வாங்குவதே நல்லது. வெவ்வேறு நிறுவனக் கருவிகளையும் இணைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் ஒரு கருவி மற்றொன்றைக் கைப்பேசி என்று எண்ணிக்கொண்டு இணைவதால், கைப்பேசிக்கான இணைப்பு அதற்கே போய்விடுகிறது. மழைக்கு, தூசியும் நீரும் புகாமல் காக்கும் ஐபி67 தரம் போதுமானது. மழையைவிட நம் ஊர் வெயிலுக்குத்தான் நான் அஞ்சுகிறேன். வண்டியின் கண்ணாடியில் கவசத்தை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போகும்போது கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் பேட்டரி நீடிக்கும், திருட்டுப் பயமும் இல்லை.

இத்தனையையும் கூட்டிக் கழித்து நாங்கள் வைத்திருப்பது ஃப்ரீகாம் 2எக்ஸ் இரட்டைப் பெட்டி. நிறுவனம் சொல்லும் 13 மணி நேரப் பேச்சு ஒரு பகல் பயணத்துக்குத் தாராளம். நூறைத் தாண்டினால் குரலில் இரைச்சல் கலக்கத்தான் செய்கிறது. பின்னால் ஆள் இருக்கும்போது அந்த வேகத்துக்கு நான் போவதில்லை என்பதால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நகரத்துக்குள் மட்டும் ஸ்கூட்டரில் போய்வருபவர்களுக்கு ஸ்பிரிட்டே போதும்.