ஸ்டீல் ராடா, செராமிக் ராடா? கத்தியின் கூருக்கு எது உதவும்?

கத்தி செட் வாங்கினால் பெரும்பாலும் கூடவே, கத்தியின் விளிம்பைத் தேய்த்துச் சீராக்க ஒரு ஸ்டீல் ராடும் வந்துவிடும். நெடுக மெல்லிய வரிகள் ஓடும், கனமாக இருக்கும், பார்க்கவும் மிடுக்காக இருக்கும். பல வீடுகளில் அது செட்டோடு வந்ததால் இருக்கிறதே தவிர, யாரும் தேடிப்பிடித்து வாங்கியது அல்ல. என்னிடமும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. இப்போது அது இழுப்பறையின் அடியில் கிடக்கிறது. கைக்கு எட்டும் இடத்தில் தொங்குவது ஒரு வெள்ளை செராமிக் ராட். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன், ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ராட் கத்தியைத் தீட்டுவதில்லை, மடங்கிய விளிம்பை நிமிர்த்த மட்டுமே செய்கிறது என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. பலகையில் மோதி மோதிக் கத்தியின் விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்வது உண்மை. ராட் அதை நிமிர்த்துவதும் உண்மை. ஆனால் கூடவே கொஞ்சம் உலோகத்தையும் அது சுரண்டுகிறது. வரி ஓடும் ராடில் நாலு தேய் தேய்த்துவிட்டுக் கத்தியை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். ஸ்டீலுக்கும் செராமிக்குக்கும் உள்ள வித்தியாசம், இந்தச் சுரண்டல் எவ்வளவு, எவ்வளவு சீராக என்பதில்தான் இருக்கிறது.

ஸ்டீல் ராடின் நல்ல குணங்களைச் சொல்லிவிடுகிறேன். கீழே விழுந்தால் உடையாது. தனியாகப் பராமரிப்பு கிடையாது, துடைத்து வைத்தால் போதும். ஐரோப்பியப் பாணிக் கத்திகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்50சிஆர்மோவி15 போன்ற எஃகு, ராக்வெல் (உலோகத்தின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) கணக்கில் ஏறக்குறைய 55 முதல் 58 வரை கடினம் கொண்டது. ராட் அதைவிடக் கடினமானது என்பதால் இரண்டும் ஒத்துப்போகும். ஜப்பானியப் பாணிக் கத்திகளில்தான் சிக்கல். விஜி10 போன்ற எஃகு 60ஐத் தொடும், சில சமயம் தாண்டும். அவ்வளவு கடினமான விளிம்பு வளைந்து கொடுக்காது. ராடின் வரிகள் ஒவ்வொன்றும் ஊசிமுனை அளவு இடத்தில் அழுத்தும்போது, நிமிர்வதற்குப் பதில் சின்னச் சின்னச் சில்லாகப் பெயர்ந்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக மின்னும். நல்ல கூரான விளிம்பு வெளிச்சத்தில் மின்னவே கூடாது.

செராமிக் ராட் பெரும்பாலும் அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு. எந்தக் கத்தி எஃகைக் காட்டிலும் கடினம், மேற்பரப்போ வழுவழுப்பு. இரண்டு வகைக் கத்திக்கும் ஒரே ராட் போதும். இது ஒன்றுக்காகவே நான் மாறியிருப்பேன். ஆனால் மாறியபின் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு: சாணைக்கல்லை எடுக்கவேண்டிய நாள் எவ்வளவு தள்ளிப்போகிறது என்பது.

ஒரு கம்பியை மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்கினால் அந்த இடம் நைந்து கடைசியில் ஒடிந்துவிடும் அல்லவா, கத்தி விளிம்பும் அப்படித்தான். ஸ்டீல் ராடில், அதிலும் வரியே இல்லாத வழுக்கு ராடில், நிமிர்ந்து நிற்பது ஏற்கெனவே நைந்த அதே உலோகம். அதனால் முதலில் ஒரு தேய்ப்பு வாரக்கணக்கில் தாங்கும், அப்புறம் இரண்டு நாள், கடைசியில் ஒரு வேளைச் சமையலுக்குள்ளேயே தக்காளித் தோலில் கத்தி வழுக்க ஆரம்பிக்கும். ராட் வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் புகார் வரும். செராமிக் ராட் அந்த நைந்த உலோகத்தையே மிக மெல்லிசாக வழித்தெடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் புது உலோகத்தில் விளிம்பை அமைக்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிமிர்த்தல், கொஞ்சம் தீட்டல்.

இதன் பலன் காலப்போக்கில்தான் தெரியும். முன்பு சில மாதங்களுக்கு ஒருமுறை கல்லை எடுத்தாக வேண்டியிருந்தது. இப்போது வருடத்தில் ஒன்றிரண்டு முறை போதும். கல்லில் தீட்டுவது நல்ல வேலைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் கல்லை ஊறவைக்க வேண்டும், நடுவில் குழிந்திருந்தால் சமப்படுத்த வேண்டும், கோணம் மாறாமல் தேய்க்க வேண்டும், ஒரு பக்கம் முழுக்கப் பிசிறு எழுந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து மறுபக்கம் திருப்ப வேண்டும், கடைசியில் மேடையெல்லாம் சேறு. இதற்கென்று நேரம் ஒதுக்கவேண்டும் என்பதாலேயே வேலை தள்ளிப்போகும், அதுவரை மொண்ணைக் கத்தியோடு மல்லுக்கட்டுவோம். ராட் வேலையோ அடுப்பில் எண்ணெய் காய்வதற்குள் முடிந்துவிடும்.

அதற்காகக் கல்லே வேண்டாம் என்று சொல்லவில்லை. ராடில் தேய்க்கத் தேய்க்க விளிம்பில் ஒரு குறுஞ்சரிவு உருவாகி அகலமாகிக்கொண்டே போகும். விளிம்பு கூராகத்தான் இருக்கும், அதற்குப் பின்னால் அலகு தடித்திருக்கும். கேரட்டை நறுக்கினால் வெட்டுப்படாமல் ‘டக்’கென்று பிளக்கும். அந்தக் கட்டத்தில் எந்த ராடும் உதவாது. 1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) கல்லில் சரிவைப் பழையபடி மெலிதாக்கத்தான் வேண்டும்.

செராமிக்கின் குறைகளை மறைக்கவில்லை. தரையில் விழுந்தால் உடையும். உடையாமல் ஓரத்தில் சின்னதாகப் பெயர்ந்திருந்தால் இன்னும் ஆபத்து, அந்தப் பொக்கை கத்தியின் வாயைக் கெடுத்துவிடும். அடுத்தது அழுக்கு. வழித்தெடுத்த உலோகமெல்லாம் வெள்ளைப் பரப்பில் கருஞ்சாம்பல் பட்டைகளாகப் படியும். பட்டை கனத்தால் கத்தி ‘சர்’ரென்று உரசும் ஒலி போய் வெறுமனே வழுக்கும், அதுதான் அறிகுறி. பாத்திரம் தேய்க்கும் பொடியும் ஈரமான நாரும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். பென்சில் அழிக்கும் ரப்பரும் நன்றாகவே வேலை செய்கிறது.

எந்த ராடானாலும் முறை ஒன்றுதான். ஹோட்டல் சமையல்காரர்கள் போல அந்தரத்தில் பிடித்து வீசுவது கண்ணுக்கு அழகு, அவ்வளவே. பலகையில் ஈரத்துணி விரித்து ராடின் நுனியைச் செங்குத்தாக ஊன்றுங்கள். கத்தியை ராடுக்குக் குறுக்கே நேராக வைத்தால் 90 பாகை, அதில் பாதி 45, அதிலும் பாதி 22 சொச்சம். அதைவிட ஒரு சிட்டிகை உள்ளே சாய்த்தால் 20 பாகை, ஐரோப்பியப் பாணிக் கத்திக்குப் போதும். ஜப்பானியக் கத்திக்கு 15ஐ ஒட்டி வையுங்கள். பிடிக்குப் பக்கத்தில் தொடங்கி நுனிவரை இழுத்துக்கொண்டே கீழே இறக்குங்கள், பக்கம் மாற்றி மாற்றி நாலைந்து முறை. அழுத்தவே கூடாது, கத்தியின் எடையே தாராளம். முடிந்ததும் கழுவித் துடையுங்கள், உலோகத்தூள் சாப்பாட்டில் சேர வேண்டாம். அப்புறம், கண்ணாடிப் பலகையில் நறுக்குகிறவர்களுக்கு இந்த அலசலில் எதுவும் உதவாது.

வைரத்தூள் பூசிய ராடை நான் நாள்கணக்கில் புழங்கியதில்லை, தெரிந்தவர் வீட்டில் தேய்த்துப் பார்த்ததோடு சரி. வேகமாகத் தீட்டுகிறது, விளிம்பு சொரசொரப்பாக நிற்கிறது. ரொம்பவும் மழுங்கிய கத்திக்கு ஆகும், தினசரி உபயோகத்துக்கு அவ்வளவு உலோகத்தை இழக்க எனக்கு மனமில்லை. இழுத்துத் தீட்டும் வி வடிவக் கருவியிலும் அதே கவலைதான், அதோடு கோணமும் நம் கையில் இல்லை.

மென்மையான எஃகுக் கத்திதான் இருக்கிறது, கல்லில் தீட்டவும் சோம்பலில்லை என்றால் செட்டோடு வந்த ஸ்டீல் ராடையே தொடருங்கள், புதிதாக வாங்கத் தேவையில்லை. செராமிக் வாங்குவதானால் நீளத்தைக் கவனியுங்கள். 20 சென்டிமீட்டர் கத்திக்கு ராட் 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும், குட்டை ராடில் கத்தி பாதியிலேயே நழுவி நுனி தீட்டப்படாமல் நின்றுவிடும். நுனியில் ரப்பர் மூடியும், தொங்கவிட வளையமும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். இழுப்பறையில் மற்ற சாமான்களோடு உருண்டால் அது அதிக நாள் தாங்காது.