யானை வழியில் டயர் இறங்கினால் எது கைகொடுக்கும்?

கொழும்புக்குள் டயர் இறங்குவது ஒரு பிரச்சினையே இல்லை. காலி வீதியிலோ மருதானையிலோ கொட்டாஞ்சேனையிலோ, பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிற தூரத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர் ஒருவர் இருப்பார். இங்கேயே ஓடிப் பழகியவர்கள் தூரப் பயணத்துக்கு வெளிக்கிடும்போதுதான் கணக்குப் பிழைக்கிறது. "போன் இருக்குத்தானே" என்று வெறுங்கையோடு போகிறவர்கள் ஒரு பக்கம். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப் பையில் அடைத்துக்கொண்டு, அதில் பாதியைக் கையால் தொட்டே பார்க்காதவர்கள் மறுபக்கம்.

நம்முடைய நாட்டில் எந்த வீதியிலும் சற்றுத் தூரம் போனால் ஒரு ஊர் வந்துவிடும். ஆகவே சிக்கல் தூரத்தில் இல்லை, நிற்கிற இடத்திலும் நேரத்திலும்தான். அதிவேக வீதியில் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள் என்பதால் வடக்கே போகிற நாம் நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று பழைய வீதியில்தான் போகிறோம். புத்தளம் வரை கவலையில்லை, கடைக்குக் குறைவே இராது. பொழுதுபடுகிற நேரத்தில் யானை நடமாடும் ஹபரணை வேறு கதை. யானை வாகனத்தை மறிக்கிற புத்தல–கதிர்காமம் வீதியும், மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ32 இல் வெள்ளாங்குளத்தை ஒட்டிய வெளியும் அப்படித்தான். சித்திரைப் புத்தாண்டு நாட்களில் கடையெல்லாம் பூட்டிக் கிடக்கும்போது எந்த வீதியும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

அதனால் எந்தச் சாமானை எடுத்தாலும் நான் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: நின்ற இடத்தை விட்டு அடுத்த ஊர் வரை இது என்னை எவ்வளவு கெதியாகக் கொண்டுபோகும்? திறமான திருத்தம் அடுத்த ஊரில் நடக்கட்டும்.

முதலில் உங்கள் டயர் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலோய் ரிம் போட்டிருந்தால் டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாத டயர், என்று பலர் நினைக்கிறார்கள். அலோய் ரிம்மோடு உள்ளே டியூப் போட்ட பைக்குகள் நம் வீதிகளில் ஏராளம். டயரின் பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கும், குனிந்து வாசித்தால் போதும். கம்பிச் சில்லு என்றால் பெரும்பாலும் டியூப்தான்.

டியூப்லெஸ் டயர் உள்ளவருக்கு, ஓட்டைக்குள் வெளியிலிருந்தே குத்தி அடைக்கிற ரப்பர் திரிதான் என் தெரிவு, இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. ஆணி ஏறினாலும் காற்று ஒரேயடியாகப் போகாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். திரி, அரம், ஊசி, பசை எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகுதான் ஆணியைப் பிடுங்க வேண்டும். அரத்தை ஓட்டைக்குள் விட்டு நன்றாக உரசி, திரியைப் பாதிவரை உள்ளே குத்தி, ஊசியை ஒரே வெட்டில் இழுத்தால் திரி உள்ளே தங்கிவிடும். சில்லைக் கழற்றும் வேலை இல்லை. பழகிய கைக்குப் பத்து நிமிடம் போதும். பழகாத கை அரத்தை உள்ளே விடவே திணறும். ரப்பர் அவ்வளவு இறுக்கம். ஆகவே பழைய டயர் ஒன்றை டயர்கடையில் கேட்டு வாங்கி, வீட்டு முற்றத்தில் ஒரு தரம் குத்திப் பழகுங்கள். டயரின் நடுப்பகுதியில் உள்ள ஓட்டைக்குத்தான் இது சரிவரும். பக்கச் சுவர் கிழிந்தால் திரியைக் குத்துவது வீண் வேலை, குத்திவிட்டு ஓடுவது ஆபத்து. திரி போட்ட டயரையும் ஊருக்கு வந்ததும் கழற்றி உட்பக்கமாக ஒட்டுவித்துக்கொள்வது நல்லது.

டியூப் போட்ட பைக் வைத்திருப்பவருக்கு இவ்வளவு சுலபமில்லை. சில்லைக் கழற்ற வேண்டும், டயரை ரிம்மிலிருந்து நெம்ப வேண்டும், டியூபை உருவ வேண்டும். இங்கே போட்டி ஒட்டுக்கும் மாற்று டியூபுக்கும் இடையில். பையில் இடம் மிச்சம் என்று ஒட்டுப் பெட்டியைத் தெரிவு செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. மழையில் ஒட்டு பிடிக்காது, பசை காயும்வரை காத்திருக்க வேண்டும், வால்வின் அடியில் கிழிந்தால் ஒட்டவே முடியாது. மாற்று டியூப் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்புவதே மேல். பழையதை ஆறுதலாக ஊரில் ஒட்டலாம். முன்சில்லும் பின்சில்லும் ஒரே விட்டமாக இருந்தால், முன்சில்லின் ஒடுங்கிய டியூபைப் பின்னுக்கும் போட்டு அவசரத்துக்கு ஓடலாம். ஒன்று கொண்டுபோனால் போதும். புது டியூபைப் போடுமுன் டயரின் உட்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். ஆணி இன்னும் அங்கேயே இருந்தால் துணி மாட்டும். கடைசி நெம்பில் நெம்புகோல் நுனி புது டியூபையே கடித்துவிடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடப்பது. டியூபுக்குள் கொஞ்சம் காற்று விட்டு உருட்டிய பிறகு டயரை ஏற்றினால் அது குறையும்.

மூன்றாவது வழி, டயருக்குள் முன்கூட்டியே ஊற்றிவிடும் சீலன்ட் என்ற பசைத் திரவம். சில்லுச் சுற்றும்போது அது உட்சுவர் முழுக்கப் பரவி, சிறு ஆணி ஓட்டையைத் தானாகவே அடைக்கிறது. யானை வழியில் இறங்கவே தேவையில்லை என்பதால் என் அளவுகோலில் இதுதான் முதலிடம் பெற வேண்டும். ஆனால் சில மில்லிமீற்றர் ஓட்டைக்கு மேல் அதனால் ஆகாது, வெட்டுக்கும் கிழிசலுக்கும் அது ஒன்றும் செய்யாது. டயருக்குள் ஆணி இருப்பதையே தெரியாமல் வைத்துவிடுவதும் உண்டு. பிறகு ஒட்ட வேண்டி வந்தால் பிசுபிசுப்பைக் கழுவித் துடைப்பதற்குள் பஞ்சர் கடைக்காரர் உங்கள் பரம்பரையையே திட்டித் தீர்ப்பார். டியூப்லெஸ்காரருக்குத் திரி இருக்கும்போது இது அவசியமில்லை என்பேன். சில்லுக் கழற்றத் தெரியாத, கழற்ற விரும்பாத டியூப்காரருக்கு மட்டும் இது நியாயமான தெரிவு.

ஓட்டையை அடைத்தால் போதுமா, காற்று வேண்டுமே. இதில்தான் கடைகள் ஆளை அதிகம் ஏமாற்றுகின்றன. விரலளவு காபனீரொட்சைட்டுக் குப்பி பார்க்க அழகாக இருக்கும். 16 கிராம் குப்பி ஒன்று சாதாரண 100 சீசீ பைக்கின் பின்டயரைத் தேவையான அழுத்தத்தின் பாதியளவுக்குத்தான் நிரப்பும். அகலமான டயருக்கு மூன்று நான்கு வேண்டும். ஒட்டு பிழைத்தால் காற்றும் போச்சு, குப்பியும் போச்சு. அதன் ஒரே பெருமை வேகம். டியூப்லெஸ் டயர் முழுக்க இறங்கி ரிம்மிலிருந்து விலகியிருந்தால் மெல்ல அடிக்கிற பம்பால் அதை ஏற்ற முடியாது, குப்பியின் அந்த ஒரு வீச்சு சிலவேளை ஏற்றிவிடும்.

பைக் பற்றரியில் கொழுவும் 12 வோல்ட் பம்ப் மலிவு. ஆனால் நம் சிறிய பைக்குகளின் பற்றரி மூன்று முதல் ஐந்து அம்பியர் மணி வரைதான் இருக்கும். என்ஜினை ஓட விடாமல் பம்பைப் போட்டால் டயர் நிறைந்திருக்கும், பைக் ஸ்டார்ட் ஆகாது. ஹபரணையில் இதைவிட மோசமான வெற்றி இருக்க முடியாது. தனக்கென்று பற்றரி உள்ள சிறு பம்ப் நல்லது, விரும்பிய அழுத்தத்தில் தானாக நிற்கும், சிலவற்றில் போனுக்கும் சார்ஜ் ஏற்றலாம். ஆனால் புறப்படுகிற அன்று அது சார்ஜ் இல்லாமல் கிடந்தால் வெறும் பாரம்தான். பழைய சைக்கிள் கைப்பம்ப் இருக்கிறதே, அதை யாரும் மெச்சுவதில்லை. வியர்க்கும், கை நோகும், இருநூறு முந்நூறு தரம் அடிக்க வேண்டி வரும். ஆனால் அது ஒருநாளும் தீர்ந்துபோகாது. இரண்டில் ஒன்றுதான் என்றால் தனியாகப் போகும்போது பற்றரிப் பம்ப், இரண்டு மூன்று பேராகப் போகும்போது கைப்பம்ப். மாறி மாறி அடிக்க ஆள் இருக்கும்.

பற்றரி இறங்கினால் பழைய கார்புரேட்டர் பைக்காரர் சிரித்துக்கொண்டே உதைத்து ஸ்டார்ட் செய்வார், அல்லது தள்ளி ஓட விட்டு இரண்டாம் கியரில் கிளச்சை விடுவார். எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பைக்கில் பம்புக்கும் கணினிக்கும் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும். பற்றரி அடியோடு செத்திருந்தால் எத்தனை பேர் தள்ளியும் பயனில்லை. உதைபிடி இல்லாத இன்ஜெக்‌ஷன் பைக் வைத்திருப்பவர் செத்த பற்றரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் சிறிய ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றுக்குச் செலவழிக்கலாம். மற்றவர்களுக்கு அந்தக் காசு பெற்றோலுக்கு.

கிளச் கேபிளுக்கு ஒரு சின்ன உபாயம். புதுக் கேபிளைச் சுருட்டிப் பையில் வைப்பதைவிட, புறப்படுமுன் பழையதன் பக்கத்திலேயே அதை ஓட விட்டு, இரண்டு முனைகளையும் கட்டி வைத்துவிடுங்கள். அறுந்தால் முனைகளைக் கொழுவ வேண்டியதுதான், டாங்கியைக் கழற்றத் தேவையில்லை. செயினுக்கு, அதன் இரு முனைகளையும் இணைக்கிற லொக் ஒன்று, உங்கள் செயினின் அளவிலேயே. 428 செயினுக்கு 520 லொக் பொருந்தாது, வாங்கும்போது பழைய செயினின் தகட்டில் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். லொக்கின் கிளிப்பில் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு: ஒன்றும் கொண்டுபோகாமல், நின்றால் பட்டா என்கிற சிறு லொறி ஒன்றைப் பிடித்து பைக்கை ஏற்றிவிடலாம். பகலில், வவுனியா, மதவாச்சி பக்கம் என்றால் இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. என்ஜினே இறுகிப் போனால் உலகத்துச் சாவியெல்லாம் சேர்ந்தும் உதவாது, பட்டாதான். ஆனால் நக்கிள்ஸ் மலைக்குள் மீமுரே பக்கம் போனால் போன் சிக்னலை நம்ப முடியாது. வேறு வேறு கம்பனிகளின் இரண்டு சிம் போட்டிருந்தாலும், வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்திருப்பதும், திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும்தான் பாதுகாப்பு. விழுந்து அடிபட்டால் 1990, இலவச அம்பியுலன்ஸ். பொலிஸுக்கு 119. கிலோமீற்றர் கல்லில் உள்ள இலக்கத்தையும் வீதியின் பெயரையும் சொன்னால் இடத்தைக் கெதியாகக் கண்டுபிடிப்பார்கள்.

ஆகவே பட்டாவை நம்புகிறவரும் ஒரு சாமானாவது கொண்டுபோகத்தான் வேண்டும்: நல்ல கயிறு இரண்டு. லொறிக்காரரிடம் இருக்கும் கயிறு மரக்கறி மூட்டைக்குப் போதும், பைக்குக்குப் போதாது. முன்சில்லைப் பெட்டியின் முன் மூலையில் முட்டக் கொடுத்து, கண்ணாடியிலோ ஹாண்டிலின் நுனியிலோ அல்லாமல் முன் போர்க்கின் இரு கால்களையும் சேர்த்துப் பிடிக்கிற கீழ்க் கிளாம்பில் இரு பக்கமும் கட்டுங்கள். ஏற்றுமுன் பெற்றோல் டப்பை மூடிவிடுங்கள், கூலியையும் ஏற்றுமுன்பே பேசிவிடுங்கள்.