ஆர்கானிக் மேப்ஸ்: கூட்டம் இல்லாத டிரெயில் (நடந்து போற மலைப்பாதை) தேடுறவங்களுக்கு ரெண்டு வருஷம் யூஸ் பண்ணி பாத்த ரிவ்யூ

எங்க டிரிப் போனாலும் எல்லாரும் போற அதே வியூ பாயின்ட்ல நின்னு அதே போட்டோ எடுத்துட்டு திரும்புறது எனக்கு அலுத்துப் போச்சுங்க. ஸ்டார் ரேட்டிங் வச்சு காட்டுற ஹைக்கிங் ஆப் மூணு நாலு பாத்தாச்சு, நிறைய ஸ்டார் வாங்குன டிரெயில்தான் மேல வரும், மேல வர்றதால எல்லாரும் அங்கயே போவாங்க, போனவங்க மறுபடியும் ஸ்டார் போடுவாங்க, பக்கத்து மலையில இருக்குற அருவிய ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க.

அதான் நெட் இல்லாமலே ஃபோன்ல வேலை செய்யுற மேப் ஆப்பான ஆர்கானிக் மேப்ஸுக்கு மாறுனேன். ஃப்ரீ, விளம்பரம் கிடையாது, அக்கவுன்ட் கூட கேக்காது. உள்ள இருக்குற டேட்டா 2004ல ஆரம்பிச்ச ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போடது, உலகம் முழுக்க தன்னார்வலர்கள் வரைஞ்சுகிட்டே இருக்காங்க. அந்தந்த இடத்துல நடந்து பழகுனவங்களும் வரையறதால வண்டிக்காக செஞ்ச மேப்புல இல்லாத ஒத்தையடிப் பாதைங்க கூட இதுல நிறைய கிடைக்குது.

நான் தேடுறது எப்படின்னா, தங்கப் போற ஏரியா மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிட்டு நல்லா பெருசாக்கி அருவி, சுனை, சிகரம், வியூ பாயின்ட் குறி எங்கெங்க இருக்குன்னு பொறுமையா பாப்பேன். மெயின் ரோட்டுல இருந்து தள்ளி, ஒரே ஒரு பாதை மட்டும் போய் முடியுற குறி ஏதாவது இருந்தா அத புக்மார்க் பண்ணிக்குவேன். அப்படி ஒருதடவ போனப்போ ரெண்டு மணி நேரம் நடந்து ஒரு பெரிய பாறை மேல வந்து நின்னேன், கீழ பள்ளத்தாக்கு முழுக்க மேகம், தண்ணி விழுற சத்தம் மட்டும் கேக்குது, மதியம் வரைக்கும் வேற ஒரு ஆள் வரல, அந்த நாள இன்னும் மறக்க முடியல.

கான்டூர் கோட்ட, அதாவது ஒரே உயரத்துல இருக்குற இடங்கள சேக்குற கோட்ட, கண்டிப்பா ஆன் பண்ணிக்கோங்க. கோடுங்க நெருக்கமா இருந்தா செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தா ஈசியா நடக்கலாம். நேரத்துக்கு நான் இன்னும் 1892ல நெய்ஸ்மித்ங்கற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கத்தான் நம்புறேன், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏறுறதுக்கு இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர்ல 600 மீட்டர் ஏத்தம்னா மூணு மணி நேரம், அதுவும் நிக்காம நடந்தா. இருட்டுறதுக்குள்ள திரும்பி வர்ற நேரத்தையும் சேத்துக்கணும்.

டவர் இல்லைன்னாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஃபோன் சாட்டிலைட் சிக்னல வாங்குனாலே போதும். ஏரோபிளேன் மோட்ல போட்டுடுங்க, இல்லைன்னா டவர் தேடித் தேடியே சார்ஜ் காலியாகிடும்.

குறைன்னா, போட்டோ, ரிவ்யூ எதுவும் இல்ல, பாதை இப்ப எந்த நிலைமையில இருக்குன்னு இத வச்சு தெரியாது. அதுக்கு நான் விக்கிலாக்ங்கற இன்னொரு ஆப் பாப்பேன், மத்தவங்க நடந்த ட்ராக்க அவங்களே ஏத்தி வச்சிருப்பாங்க, கடைசியா யாரு எப்ப போயிருக்காங்கன்னு தேதிய மட்டும் பாருங்க. வேற ஒரு ஆப்ப நம்பிப் போய் பாதை புதருக்குள்ள காணாமப் போன அனுபவம் எனக்கு இருக்கு, அதுக்கப்புறம் பாதை தெரியலைன்னா வந்த வழியே திரும்பிடுவேன், குறுக்கு வழி தேடவே மாட்டேன். இன்னொன்னு, மேப்புல கோடு இருக்குங்கறதால போக அனுமதி இருக்குன்னு அர்த்தம் இல்ல, காட்டுக்குள்ளயோ தனியார் நிலத்துலயோ போற பாதைன்னா அங்க இருக்குறவங்கள கேட்டுட்டே இறங்குங்க.

போன டிரிப்ல மேப்புல இருந்த ஒரு சுனை வறண்டு கிடந்துச்சு, நல்லவேளை கையில தண்ணி இருந்துச்சு. வந்த உடனே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சைட்ல அது வருஷம் முழுக்க ஓடாதுன்னு மாத்தி விட்டுட்டேன், அஞ்சு நிமிஷம் கூட ஆகல, நீங்களும் ஏதாவது தப்பா பாத்தா மாத்தி விடுங்க.