வங்கக்கடல் புயலை பெங்களூரிலிருந்து பின்தொடர: ஏழு பருவமழைகளில் எது உதவியது, எது ஏமாற்றியது

2018 கஜா தொடங்கி 2024 ஃபெங்கல் வரை, ஏழு வடகிழக்குப் பருவமழைகளில் விடாமல் பயன்படுத்திய தளங்களையும் கருவிகளையும் பற்றிய குறிப்பு இது. பெங்களூரில் வேலை, கடலூரிலோ சென்னையிலோ நாகையிலோ வீடு என்று இருப்பவர்களுக்குப் புயல் வந்தால் எழும் கேள்விகள் ரொம்ப சாதாரணமானவை. வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறலாமா? ஞாயிறு திரும்ப முடியுமா? ஊரில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கட்டி வைக்கச் சொல்ல வேண்டுமா? இதற்கெல்லாம் பதில் சொல்ல ஒரே தளம் போதாது. புயல் நிலத்தை நெருங்க நெருங்க, பார்க்கும் திரையையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஐந்து நாளுக்கு முன் வின்டியில் (காற்று, மழைக் கணிப்பை வரைபடமாகக் காட்டும் தளம்) பார்த்த அதே படத்தைக் கரை கடக்கும் இரவிலும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

வின்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம். இலவசக் கணக்கில் மூன்று மணி நேர இடைவெளியில் படம் வரும், காசு கட்டினால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. புயலுக்கு இந்த வித்தியாசம் பெரிதாக உதவவில்லை. கரை கடக்கும் நேரத்தைச் சொல்வதில் மாதிரிக்கே (வானிலையை முன்கூட்டிக் கணக்கிடும் கணினி நிரலுக்கே) ஆறு, பன்னிரண்டு மணி நேரம் பிசகும்போது, படத்தை மணிக்கு மணி நறுக்கிப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஐரோப்பிய மாதிரி 9 கிலோமீட்டர் கட்டங்களில் ஓடுகிறது, அமெரிக்க ஜிஎஃப்எஸ் 13 கிலோமீட்டரில். சின்ன புயலின் உள்மையம் இந்தக் கட்டங்களில் சரியாக உருவாகாது. ஆகவே பாதைக்கு மாதிரியைப் பார்க்கலாம், உச்சக் காற்றுக்கு அதை நம்ப வேண்டாம். இன்னொன்று, 'காற்று' அடுக்கையும் 'கஸ்ட்' அடுக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாட்ஸ்அப்பில் பரவும் 'மணிக்கு 120 கிலோமீட்டர்' படங்களில் நிறைய இரண்டாவது ரகம், சில விநாடி வீச்சு மட்டும்.

ஐரோப்பிய மாதிரியின் காலை ஓட்டம் (காலைத் தரவை வைத்து அது போடும் புதுக் கணக்கு) நம் நேரப்படி பகல் பன்னிரண்டரை வாக்கில் முழுசாக வந்துவிடும், மாலை ஓட்டம் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு. ஜிஎஃப்எஸ் அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வரும். காலை ஒன்பது மணிக்கு ஐரோப்பிய மாதிரியைத் திறந்து 'புதுசா மாத்திட்டான்' என்பவர் பார்ப்பது பழைய ஓட்டத்தைத்தான்.

மாதிரியில் உருப்படியான வேலை ஒன்று உண்டு. டிராபிக்கல் டிட்பிட்ஸ் தளத்தில் ஒரே நேரத்தை, சொல்லப்போனால் சனிக்கிழமை மாலை 5.30-ஐ, அசையாமல் வைத்துக்கொண்டு 'முந்தைய ஓட்டம்' பொத்தானை ஐந்தாறு முறை அழுத்திப் பாருங்கள். மையம் வடக்கே ஒருமுறை தெற்கே ஒருமுறை என்று தாவினால் மாதிரி இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று பொருள். ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால், அடுத்த ஓட்டமும் அதே பக்கம் நகரப் பெரும்பாலும் வாய்ப்பு. ஒற்றை ஓட்டத்தைவிட இந்த நகர்வு அதிகம் சொல்லும். ஏழு நாளுக்கு அப்பால் இதுவும் வீண். அங்கே ஐரோப்பிய மையத்தின் 51 உறுப்பினர் தொகுப்பில் (தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் போட்ட 51 கணக்குகள்) எத்தனை பேர் வங்கக்கடலில் சுழற்சி காட்டுகிறார்கள் என்று எண்ணினால் போதும்.

கரைக்கு மூன்று நாள் இருக்கும்போது இந்திய வானிலைத் துறையின் புயல் அறிக்கைதான் முதல் திரை. டெல்லியில் இருக்கும் மண்டல மையம் மூன்று மணி நேரத்துக்கு ஒன்று வெளியிடும். அட்சரேகை, தீர்க்கரேகை, மைய அழுத்தம், அடுத்த ஐந்து நாள் நிலைகள் எல்லாம் அட்டவணையாக இருக்கும். நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும்: 0300 என்றால் காலை எட்டரை. அமெரிக்கக் கடற்படையின் புயல் எச்சரிக்கை மையமான ஜேடிடபிள்யூசி சொல்லும் காற்று வேகத்தோடு இதை ஒப்பிட்டு 'நம்மாள் குறைச்சுச் சொல்றான்' என்பது வழக்கமான சண்டை. நம் துறை மூன்று நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்கிறது, அவர்கள் ஒரு நிமிடச் சராசரியை. ஒரே புயலுக்கு அவர்கள் எண் கூடுதலாக இருப்பது இயல்பு. மணிக்கு 62 கிலோமீட்டரில் புயல், 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல் என்ற வரம்புகள் மூன்று நிமிடக் கணக்குக்கானவை.

நகரும் வேகத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அட்சரேகையிலோ தீர்க்கரேகையிலோ 0.1 டிகிரி என்பது நம் பகுதியில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். மையத்தின் இடத்தையே 0.1 டிகிரிக்கு முழுமையாக்கித்தான் தருகிறார்கள். ஆகவே அடுத்தடுத்த இரண்டு அறிக்கையை வைத்துக் கணக்கிட்டால் புயல் நின்றது போலவும் பாய்ந்தது போலவும் மாறி மாறித் தெரியும். பன்னிரண்டு மணி நேர இடைவெளி எடுத்தால் இந்தக் குதிப்பு அடங்கும். கரையை ஒட்டி வேகம் மணிக்குப் பத்துக்குக் கீழ் போனால் காற்றைவிட மழைக்குத்தான் கவலைப்பட வேண்டும். 2023 மிக்ஜாம் சென்னைக்கு அருகே மெல்ல ஊர்ந்தது. கரை கடந்தது டிசம்பர் 5-ஆம் தேதி பாபட்லா பக்கம், ஆனால் நகரம் மூழ்கியது அதற்கு முன்பே.

செயற்கைக்கோள் படத்துக்கு இன்சாட் போதும், அரை மணிக்கு ஒன்று. அகச்சிவப்புப் படத்தில் வெள்ளைவெளேர் என்று பரந்து கிடப்பதெல்லாம் மழை இல்லை, பெரும்பகுதி உச்சியில் பரவும் பஞ்சு மேகம். காற்று முறிவு (உயரத்துக்கு உயரம் காற்றின் திசையோ வேகமோ மாறுவது) அதிகம் இருந்தால் மேகக்கூட்டம் ஒரு பக்கம், மையம் இன்னொரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும். இரவில் அது தெரியாது. காலை ஏழு மணிக்கு முதல் ஒளிப்படம் (சூரிய வெளிச்சத்தில் எடுத்த படம்) வந்ததும் மையம் நினைத்த இடத்தில் இல்லை என்று புரிவது அடிக்கடி நடக்கும். விடியற்காலையில் முடிவெடுப்பதாக இருந்தால் அந்தப் படம் வரும்வரை பொறுங்கள்.

கடைசி 24 மணி நேரத்துக்கு ராடார். சென்னை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா மூன்றையும் திறந்து வைக்கலாம். பலரும் பார்ப்பது 'மேக்ஸ் இசட்'. அது ஓர் இடத்துக்கு நேர் மேலே எந்த உயரத்தில் இருந்தாலும் அதிகபட்ச எதிரொலியை எடுத்துக் காட்டுவது. ஆறு கிலோமீட்டர் உயரத்தில் தொங்கும் பனித்துகளும் அதில் சிவப்பாகத் தெரியும், கீழே தரையில் குடை கூடத் தேவைப்படாது. தரை மழைக்கு 'எஸ்ஆர்ஐ', சேர்ந்த மழைக்கு 'பிஏசி' படங்களைப் பாருங்கள்.

பெங்களூர்க்காரர்கள் ராடாரில் ஏமாறும் இடம் ஒன்று தனியாக உண்டு. ராடார் கதிர் அரை டிகிரி சாய்வில் கிளம்புகிறது, பூமி அதற்குக் கீழே வளைந்து போகிறது. 100 கிலோமீட்டரில் கதிர் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். 200-இல் நான்கு கிலோமீட்டர். சென்னையிலிருந்து பெங்களூர் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர், அங்கே கதிர் ஏழு கிலோமீட்டருக்கும் மேலே போய்விடும். புயல் கரையேறிய பிறகு இங்கே நாள் முழுக்க நசநசவென்று பெய்யும் தூறல், ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயர மேகத்திலிருந்து வருவது. சென்னை ராடாரில் பெங்களூர் மேல் மழையே இல்லாதது போல வெறுமையாகத் தெரியும், வெளியே துணி காயாது. இங்கத்திய மழைக்குக் கர்நாடகப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் வருண மித்ரா தளத்தில் வார்டுவாரியாக மழைமானி அளவு பார்ப்பதே சரி.

ராடாரில் அதிகம் பேர் தொடாத படம் 'விவிபி', அதாவது ராடாருக்கு மேலே உயரவாரியாகக் காற்றின் திசை. கிழக்கிலிருந்து வரும் புயல் நெருங்கும்போது சென்னையில் வாடைக்காற்று. அது வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று கடிகாரச் சுற்றில் திரும்பினால் மையம் நகருக்குத் தெற்கே போகிறது. வடமேற்கு, மேற்கு என்று எதிர்ச்சுற்றில் திரும்பினால் வடக்கே. எந்தப் பக்கமும் திரும்பாமல் வலுத்துக்கொண்டே வந்தால் நேராக வருகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அப்படித்தான் வந்தது. நடுவில் காற்று அடங்கி, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது. அந்த அமைதியில் தெருவுக்கு இறங்கிப் படம் எடுக்கலாம் என்பது ஆபத்தான ஆசை.

ராடார் பக்கம் முக்கியமான இரவில் திறக்காமல் போவதும் உண்டு. அப்போது கைகொடுப்பது விமான நிலைய வானிலைக் குறிப்பு. மெட்டார் என்று அரை மணிக்கு ஒன்று வரும், சென்னைக்குக் குறியீடு விஓஎம்எம். அதில் க்யூ எழுத்துக்குப் பின் வரும் நான்கு இலக்கம் கடல்மட்ட அழுத்தம். மைல் கணக்கில் தள்ளி இருந்துகொண்டு ஊரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது போல.

இங்கே ஒரு பெரிய பொறி. நம் பகுதியில் புயலே இல்லாத நாளிலும் காற்றழுத்தம் தினம் இரண்டு முறை ஏறி இறங்கும்: காலை பத்து, இரவு பத்து வாக்கில் உச்சம், மாலை நான்கு, அதிகாலை நான்கு வாக்கில் பள்ளம். மூன்று, நான்கு ஹெக்டாபாஸ்கல் வித்தியாசம் இதிலேயே வந்துவிடும். காலை பத்துக்குப் பார்த்துவிட்டு மாலை நான்குக்குப் பார்த்து 'சரசரன்னு இறங்குது' என்று பதறுவது இதனால்தான். நேற்று இதே மணிக்கு என்ன இருந்தது என்று மட்டும் ஒப்பிடுங்கள். அந்தக் கணக்கில் மூன்று குறைந்தால் கவனிக்கலாம். ஐந்தைத் தாண்டினால் மையம் பக்கத்தில் வந்துவிட்டது.

வீட்டில் அழுத்தமானி வைக்க விரும்பினால் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பிஎம்பி280 அழுத்தச் சென்சாரும் அதைப் படிக்க ஒரு இஎஸ்பி போர்டும் (சின்ன வைஃபை கணினிப் பலகை) வாங்கினால் போதும், ஆயிரம் ரூபாய் கூட ஆகாது. ஈரப்பதமும் காட்டும் பிஎம்இ280 என்று சொல்லி பிஎம்பியைத் தருவது சகஜம். மேல் உலோக மூடி சதுரமாக இருந்தால் பிஎம்இ, கொஞ்சம் நீள்சதுரமாக இருந்தால் பிஎம்பி. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 920 மீட்டர் உயரம் என்பதால் அளவு 910 ஹெக்டாபாஸ்கல் அருகே காட்டும். பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பத்தாவது மாடி என்றால் இன்னும் மூன்று குறையும். கெம்பேகவுடா விமான நிலைய மெட்டாரோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை நிலையான எண்ணாகக் கூட்டிவிட்டால் சரி. சென்சாரில் நேர் வெளிச்சம் பட்டால் அளவு தாறுமாறாகும், போர்டை ஒட்டி வைத்தால் வெப்பநிலை கூடுதலாகக் காட்டும். காற்றுப் போகும் வெள்ளை டப்பாவில், போர்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் இரண்டும் தீரும்.

மழைமானியில் கவிழும் வாளி ரகம் கவிழ்வுக்கு 0.2 மில்லிமீட்டர் என்று எண்ணும். கொட்டும் மழையில் வாளி கவிழும் நேரத்துக்குள் விழும் நீர் கணக்கில் வராது, அதனால் குறைத்தே காட்டும். எறும்பும் சிலந்தியும் குழாயை அடைத்தால் வறண்ட நாளாகவே பதிவாகும், அக்டோபர் முதல் வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். சரிபார்க்கப் பக்கத்தில் ஒரு சாதாரணப் புனல் பாட்டிலும் வையுங்கள்: வாய் விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் 7.85 மில்லிலிட்டர் நீர் ஒரு மில்லிமீட்டர் மழை. மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். காலை எட்டரைக்கு அளந்தால்தான் வானிலைத் துறை எண்ணோடு ஒப்பிட முடியும்.

கரை கடந்தது என்ற செய்தி வந்ததும் எல்லோரும் திரையை மூடிவிடுகிறார்கள். ஃபெங்கல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, பிறகும் அங்கேயே நின்று பெய்தது. வலுவிழந்து உள்ளே வந்த பின், டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பதிவானது. கடற்கரையில் அல்ல, பெங்களூரிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரத் தொலைவில். ஞாயிறு இரவு திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாகத் திரும்பும் பஸ் பதிவு செய்திருந்தால், அறிக்கையில் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது' என்ற வரியைப் படித்துவிட்டு டிக்கெட்டை உறுதி செய்யாதீர்கள். காரைக்கால், சென்னை ராடார்களின் 'பிஏசி' படத்தில் அந்தப் பாதையின் மேல் நிறம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, ஏறினால் திங்கள் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.