வாசிக்கக் கற்றுத்தரும் மென்பொருள்: கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கு வாங்கலாமா?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, எழுத்தையும் ஒலியையும் சேர்த்து மனதில் பதியவைக்கிற வேலைக்கு மட்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கப்போகிறார் என்றால் வாங்கலாம். "கணினி முன்னால் உட்காரவைத்தால் போதும், அதுவே படிக்கக் கற்றுக்கொடுத்துவிடும்" என்று விற்க வருபவர் சொல்வதை நம்பி வாங்குவதாக இருந்தால் வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல கதைப் புத்தகங்கள் வாங்கிப் போடுங்கள்.

எந்த நிறுவனத்தின் மென்பொருள் தொகுப்பு என்று பெயர் போடவில்லை. கைக்கு வந்து பார்த்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைதான், நிறமும் பொம்மையும்தான் மாறுகின்றன. பிள்ளை ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காரும். திரையில் நாலைந்து எழுத்துகள் வரும், காதில் ஒரு ஒலி கேட்கும், அந்த ஒலிக்குரிய எழுத்தைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் நட்சத்திரம், தப்பாகத் தொட்டால் அதே ஒலி மறுபடியும். அப்புறம் எழுத்துகளைச் சேர்த்துச் சொல், சொற்களைச் சேர்த்துச் சின்ன வாக்கியம், கடைசியில் படத்தோடு ஒரு கதை, அதற்குக் கீழே இரண்டு மூன்று கேள்விகள். தடுமாறுகிற பிள்ளையை அங்கேயே சுற்றவைக்கும், வேகமாகப் போகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. ஆசிரியருக்கென்று தனியாக ஒரு பக்கம், யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்று பச்சையும் சிவப்புமாகக் காட்டும். அந்தப் பக்கத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். எழுத்து-ஒலிப் பழக்கம் திரும்பத் திரும்பச் செய்தால்தான் படியும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஒரு ஆசிரியர் எத்தனை பிள்ளைகளிடம் தனித்தனியாக "இது என்ன, இது என்ன" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியும்? கணினிக்கு அலுப்பு இல்லை, நாற்பதாவது தடவையும் முதல் தடவை சொன்ன அதே குரலில் சொல்லும். தப்பாகச் சொன்னால் எல்லோரும் சிரித்துவிடுவார்களோ என்று வாயே திறக்காத பிள்ளைகள் இங்கே பயமில்லாமல் தப்பு செய்கிறார்கள், தாங்களே திருத்திக்கொள்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக உரக்கச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு உண்மையில் எத்தனை எழுத்து தெரியும் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலரை போடுவேன்.

கிராமத்துப் பள்ளிக்குத் தனியாக ஒரு லாபமும் உண்டு, விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள், ஒரே ஆசிரியர் என்று இருக்கிற இடத்தில், ஒரு குழு கணினியில் இருக்கும் நேரம் இன்னொரு குழுவுக்கு ஆசிரியர் முழுசாகக் கிடைக்கிறார். கரும்பலகையில் எழுதிப்போட்டு "பார்த்து எழுதுங்கள்" என்று விட்டுவிட்டுப் போவதை ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல், அங்கே தப்பாக எழுதினால் சொல்ல ஆளில்லை, இங்கே உடனே தெரிந்துவிடும். ஆனால் சிக்கலும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. ஆசிரியர் அந்தப் பக்கம் போய்விட்டால் இந்தப் பக்கம் யார் இருப்பது?

இது என் மனக்கவலை மட்டும் இல்லை. பின்லாந்தில் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் உருவான கிராஃபோகேம் என்ற வாசிப்பு விளையாட்டு இந்த வகையில் மிகவும் பேர்பெற்றது, பல மொழிகளில் இருக்கிறது. அதைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2020-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. சொல் வாசிப்பில் சராசரியாகப் பார்த்தால் பலன் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றுதான் கணக்கு வந்தது. ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பேசி, ஊக்கப்படுத்திச் செய்யவைத்த ஆய்வுகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் பலன் தெளிவாகத் தெரிந்தது. விளையாட்டு அதேதான், பக்கத்தில் ஆள் இருந்தாரா இல்லையா என்பதுதான் வித்தியாசம். ஜாம்பியாவில் செய்து 2014-இல் வெளியான ஆய்வு இன்னொன்று சொல்கிறது: பிள்ளைகளோடு ஆசிரியர்களும் அந்த விளையாட்டை ஆடிப் பழகிய இடத்தில்தான் முன்னேற்றம் நன்றாக இருந்தது. ஆசிரியர் தானே ஆடிப் பார்த்தால்தான் பிள்ளை எங்கே மாட்டிக்கொள்கிறது என்று அவருக்குப் புரியும், இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அமெரிக்கக் கல்வித் துறை 2007-இல் வெளியிட்ட பெரிய ஆய்வையும் சொல்லியாக வேண்டும். முதல் வகுப்பு வாசிப்புக்கென்று சந்தையில் இருந்த மென்பொருள்களை உண்மையான வகுப்பறைகளில் வைத்துப் பார்த்தார்கள். பயன்படுத்திய வகுப்புக்கும் பயன்படுத்தாத வகுப்புக்கும் தேர்வு மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. ஆனால் ஓர் ஆசிரியருக்குப் பிள்ளைகள் குறைவாக இருந்த முதல் வகுப்புகளில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அதாவது ஆசிரியர் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் இதை வாங்குகிறோம், இதுவோ ஆசிரியர் போதுமான அளவு இருக்கிற இடத்தில்தான் நன்றாக வேலை செய்கிறது! விற்பவர்கள் யாரும் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டமாட்டார்கள்.

"புதிய தொழில்நுட்பம்" என்கிற பேச்சுக்கும் மயங்க வேண்டாம். 1966-லேயே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் கலிபோர்னியாவில் பிரென்ட்வுட் என்ற பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐபிஎம் 1500 என்ற கணினியை வைத்து வாசிப்பு சொல்லிக்கொடுத்தார்கள், திரையை ஒளிப்பேனாவால் தொட்டால் காதில் பதில் வரும். இன்று நம் முன்னால் இருப்பதும் அடிப்படையில் அதேதான், விலை குறைந்திருக்கிறது, படங்கள் அழகாகியிருக்கின்றன.

சரி, எங்கள் பள்ளியில் பக்கத்தில் ஆள் இல்லாத குறையை எப்படிச் சமாளிக்கிறோம் என்றால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்துச் சின்னவர்களோடு உட்காருகிறார்கள், நேரம் கிடைக்கிற அம்மாக்களும் சிலர் வருகிறார்கள். பதிலைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, "என்ன கேட்டது, நீ சொல்லு பார்க்கலாம்" என்று மட்டும் கேட்க வேண்டும் என்பது ஒரே விதி. வாயால் சொல்லவைப்பதுதான் முக்கியம். திரையில் மட்டும் விட்டுவிட்டால் பிள்ளைகள் பயங்கரக் கெட்டிக்காரர்கள், எல்லா எழுத்தையும் வரிசையாகத் தட்டிச் சரியானது வருகிறவரை போவார்கள், நட்சத்திரமும் விழுந்துவிடும். படத்தைப் பார்த்தே சொல்லை ஊகிப்பது இன்னொரு வித்தை, மாட்டின் படத்துக்குக் கீழே "பசு" என்று இருந்தாலும் "மாடு" என்றுதான் வாசிப்பார்கள். முடிகிற தறுவாயில் ஆசிரியர் வந்து அன்றைய சொற்களைப் படமில்லாத வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்வார், பாதிப் பேர் அங்கேதான் மாட்டுவார்கள்.

இப்போது அந்தப் பச்சை சிவப்புப் பக்கம். தாளில் நாலு சொல் வாசிக்க முடியாத பிள்ளைக்கு அதில் பச்சை எரிகிறது. எத்தனை நிமிடம் உட்கார்ந்தது, எத்தனை பாடத்தைக் கடந்தது என்பதைத்தான் அது பெரும்பாலும் அளக்கிறது, வாசிப்பை அளப்பதில்லை. மேலே இருப்பவர்களுக்கோ அந்தப் பச்சைதான் கண்ணில் படும், அறிக்கையில் போய்விடும், அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனம் தேவை என்று யாரிடம் போய்ச் சொல்வது? நிறுவனத்திடம் கேட்டதற்கு "இது முன்னேற்றக் குறியீடு மட்டும்தான்" என்று பதில் வந்தது. நல்ல பதில்!

தமிழ்ப் பதிப்புகளில் தனியாகச் சில கோளாறுகள் இருக்கின்றன. பல தொகுப்புகள் ஆங்கிலத்துக்காகச் செய்ததைத் தமிழுக்குத் திருப்பிப் போட்டவை என்பது பார்த்தவுடனே தெரிகிறது. இருபத்தாறு எழுத்துக்கு வைத்த பாட வரிசையை 247 எழுத்துக்கு அப்படியே இழுத்தால் பிள்ளை உயிர்மெய்க்குள் போவதற்கே வருடம் ஓடிவிடும். நல்ல ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று குறிகளைப் பிடித்துக்கொண்டு சில எழுத்துகளிலேயே நிறையச் சொற்களை வாசிக்கவைத்துவிடுவார்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். "கெ", "கே" போன்ற எழுத்துகளில் பிள்ளை குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம், அதற்கென்று தனிப் பயிற்சி வைத்த தொகுப்பை நான் ஒன்றே ஒன்றுதான் பார்த்தேன். பகல், சங்கு, கடல் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது, தனி எழுத்தாக ஒரே ஒலியைப் போட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டால் எப்படி?

வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் வகையும் உண்டு. கூகுளின் ரீட் அலாங் அப்படிப்பட்டது, 2019-இல் போலோ என்ற பெயரில் வந்தது, தமிழிலும் இருக்கிறது, கதைகளை இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். யோசனை நல்ல யோசனை. ஆனால் பொதுவாக இந்த வகைக்கு வகுப்பறை இரைச்சல் ஆகாது, ஒரே அறையில் நாலு பிள்ளைகள் சேர்ந்து வாசித்தால் யார் சொன்னதை யார் கணக்கில் எழுதுவது என்று அதற்கே குழப்பம். "அவர்கள் போனார்கள்" என்று இருப்பதை ஒரு பிள்ளை "அவங்க போனாங்க" என்று வாசித்தால் தப்பு என்கிறது. எழுத்தை எழுத்தாக வாசிக்கப் பழக வேண்டும், உண்மைதான், ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு வாக்கியம் புரிந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? பக்கத்தில் ஆள் இருந்தால் சிரித்துக்கொண்டே திருத்தியிருப்பார்.

புரிதல் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை, இந்தத் தொகுப்புகள் அதில் பலவீனம். 1986-இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன, ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். மென்பொருள் முதலாவதை வளர்க்கிறது. இரண்டாவது கதை கேட்பதிலும் பேச்சிலும்தான் வளரும். அதனால் கணினி வந்ததும் கதை நேரத்தை வெட்டுகிற பள்ளிகளைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கதைப் பகுதிக்கு ஐந்துக்கு ஒன்றரை, அதுவும் படங்களுக்காக.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. மேசைக்கணினி வேண்டாம், மின்சாரம் போனால் பாதிப் பாடத்தில் அணைந்துவிடும், முன்னேற்றம் பதிவாகியிருக்காது, பிள்ளை மறுநாள் அதே பாடத்தைத் திரும்பச் செய்து வெறுத்துப்போகும். பேட்டரி உள்ள டேப்லெட் நல்லது, சின்னக் கைக்கு மவுஸைவிடத் தொடுதிரை எளிது. பணத்தை ஹெட்போனில் போடுங்கள், மட்டமான ஹெட்போனில் லகரமும் ளகரமும் ஒன்றாகத்தான் கேட்கும், அப்புறம் பிள்ளையைக் குறைசொல்லிப் பயனில்லை. பஞ்சு உறை இல்லாமல் துடைக்கக்கூடியதாக இருக்கட்டும், ஒருவர் மாற்றி ஒருவர் மாட்டுவதில் பேன் பரவக்கூடும், யாரும் இதை வெளியே சொல்வதில்லை. எழுத்துக்கூட்டவே தெரியாத பிள்ளையிடம் கடவுச்சொல் கேட்கும் தொகுப்பைத் தயவுசெய்து வாங்காதீர்கள், படத்தைத் தொட்டு நுழைகிற மாதிரி இருக்க வேண்டும்.

இணையமே இல்லாத இடத்தில் இதெல்லாம் ஓடாது என்பவர்களுக்கு ஒரு தகவல். பிள்ளைகள் தாங்களே படிக்கக் கற்றுக்கொள்ள உதவும் மென்பொருளுக்கென்று நடந்த குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ் போட்டிக்காகத் தான்சானியாவில் 170 கிராமங்களில் ஏறக்குறைய 3,000 பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்தார்கள், மின்னூட்டம் சூரிய ஒளியில், பாடம் சுவாஹிலியில். பெரும்பாலோர் பள்ளிக்கே போகாதவர்கள். பதினைந்து மாதத்தில் ஒரு சொல்கூட வாசிக்கத் தெரியாதவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். 2019-இல் ஒன்பில்லியன், கிட்கிட் ஸ்கூல் என்ற இரண்டு குழுக்கள் பரிசைப் பகிர்ந்துகொண்டன, இறுதிச் சுற்றுக்கு வந்த மென்பொருள்கள் திறந்த மூலமாகவே, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, கிடைக்கின்றன. பள்ளியே இல்லாத இடத்தில் அது பெரிய விஷயம்தான். ஆனால் மீதிப் பாதியையும் மறந்துவிடக் கூடாது.

வாங்குவதற்கு முன் சோதனைப் பதிப்பு கேளுங்கள், தராதவரிடம் வாங்காதீர்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பாடத்தின் நடுவில் அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள், விட்ட இடத்தில் தொடங்குகிறதா என்று. உங்கள் வகுப்பில் மிகவும் தடுமாறுகிற பிள்ளையை முதலில் உட்காரவையுங்கள், கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஒப்பந்தம் முடிந்தபின் பிள்ளைகளின் குரல் பதிவும் பெயரும் என்னவாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அடுத்த ஆண்டுக்கும் நீட்டிக்கிறோம், முதல் இரண்டு வகுப்புக்கு மட்டும். மேல் வகுப்புக்கான பகுதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், முழுத் தொகுப்பாகத்தான் தருவோம் என்று நிறுவனம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.