டைல்ஸை மாற்றினேன், தரை மறுபடியும் இறங்கியது

திருமங்கலம் பக்கம் வீடு கட்டிக் குடியேறிய மூன்றாம் ஆண்டு, கூடத்தில் மகன் உருட்டிய கோலிக்குண்டுகளெல்லாம் ஒரே மூலைக்குப் போய் நின்றன. சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த மூலை டைல்ஸைத் தட்டினால் வெறும் பானைபோல ஒலித்த பிறகுதான் கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரரை அழைத்தேன்.

"கரிசல் பூமி அண்ணே. மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். யாராலும் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். எங்கள் மண்ணைப் பற்றி அவர் சொன்னது உண்மை, அதனால்தான் ஏமாந்தேன். பள்ளத்தில் கலவையைக் கொட்டிச் சமன்செய்து, புது டைல்ஸ் ஒட்டி, 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஐப்பசி மழை ஓய்வதற்குள் பழையபடி இறங்கிவிட்டது.

அடுத்து உசிலம்பட்டியிலிருந்து வயதான கொத்தனார் ஒருவரை வரவழைத்தேன். அவர் தரையை விட்டுவிட்டுச் சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவர் அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது. தரையோ பேஸ்மட்டத்துக்குள், அதாவது அஸ்திவாரத்துக்கு மேல் வீட்டுத் தரை உயரம் வரை எழுப்பிய சுவர்களுக்கு நடுவே, கொட்டிய மண்ணின் மேல் கிடக்கிறது. பூமியே அசைந்திருந்தால் கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடும், கதவுகள் இறுகும். என் வீட்டுச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. சுவரின் அடியோரம் ஒட்டிய பட்டையான ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் மட்டும் விரல் நுழையும் இடைவெளி. "பூமி மேல் பழி போடாதீர்கள், உள்ளே என்ன கொட்டினார்கள் என்று பாருங்கள்" என்றார்.

உடைத்துப் பார்த்தோம். பன்னிரண்டு லோடு கிராவல் (சரளை மண்) என்று பணம் கொடுத்திருக்கிறேன். உள்ளே இருந்தது அஸ்திவாரத்துக்குத் தோண்டிய அதே கரிசல் கட்டி, உடைந்த செங்கல், காலி சிமெண்டுப் பைகள். தேங்காய் ஓடு ஒன்றும் கிடைத்தது! அரையடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கியிருக்க வேண்டுமாம். மூன்றடியையும் ஒரே நாளில் நிரப்பினார்கள், அதுவும் என் கண்ணெதிரே. வேலை வேகமாக நடக்கிறதே என்று டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தவன் நான்.

அந்த மூலை மட்டும் முதலில் இறங்கியதற்கும் காரணம் கிடைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. கழிவுநீர்க் குழாயின் இணைப்பு கசிந்து, இறுகாத மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது.

ஒப்பந்தக்காரர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. நாங்கள் கூடம் முழுவதையும் தோண்டிக் கிராவல் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். சமையல் மாடிப்படிக்கு அடியில் நடக்கிறது. வீடு கட்டுகிறவர்கள் பேஸ்மட்டம் நிரப்பும் நாட்களில் விடுப்பு எடுத்தாவது கூடவே நில்லுங்கள். லோடை எண்ணுங்கள், ஒவ்வொரு லோடிலும் என்ன இறங்குகிறது என்று பாருங்கள். குழாய்களில் தண்ணீர் விட்டுக் கசிவு பார்க்காமல் மேலே கான்கிரீட் போட விடாதீர்கள்.

அடுத்த தெருவில் அதே ஒப்பந்தக்காரர் ஒரு வீட்டுக்குப் பேஸ்மட்டம் எழுப்பியிருக்கிறார், இன்னும் நிரப்பவில்லை. நேற்று மாலை அந்த வீட்டுக்காரரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய் ஓட்டையும் கையோடு கொண்டுபோயிருந்தேன்.